சிவப்பு ஏறிய இடம் வரை

முள்ளோடையில் பெட்ரோல் மலிவு.
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி வருகிற
டிஎன் முப்பத்தொன்று வண்டிகள்
எல்லை கடந்ததும் எங்கள் பங்க்கில் திரும்பும்.
அவர்கள் பார்ப்பது ஓடுகிற எண்களை.
நான் பார்ப்பது அவர்கள் காலுக்குக் கீழே:
மூன்று டேங்க், பத்தடி இருட்டு,
மூடிக்கு ஒரு பூட்டு,
சாவி மூன்றும் என் இடுப்பில்.

பயிற்சி ஆவணியில், மூன்று நாள்,
கல்யாண மண்டபத்தில்.
மேடைச் சுவரில் முந்தைய முகூர்த்தத்தின்
தெர்மாகோல் எழுத்து இரண்டு ஒட்டியிருக்க
அதன் மேலேயே படம் ஓட்டினார் கம்பெனி ஆபீசர்.
லாரி நின்றதும் எர்த் கம்பி,
மற்றதெல்லாம் அப்புறம்.
கால் மணி நேரம் அடங்க விடு.
டென்சிட்டி பார், வெப்பம் பார், எழுது.
காற்றுக்குழாய் வாயில் குளவி கூடு கட்ட விடாதே.
பருத்தி உடுத்து.
ஏன் சார் பருத்தி என்றேன்.
நைலான் புடவை தனக்குள் பேசிக்கொள்ளும்,
அந்தப் பேச்சில் பொறி இருக்கும் என்றார்.
சிரித்தோம். மதியம் பாயசம் போட்டார்கள்.

தேர்வில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு.
சான்றிதழில் என் பெயருக்கு
மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி.
வின்னரசி.
ஒரு சுழிதானே என்று விட்டுவிட்டேன்.

டிப் ராடின் நுனியில் பேஸ்ட் தடவ வேண்டும்,
வெல்லப்பாகு நிறம்.
நேராக இறக்கினால்
அடி தட்டுவது காதுக்கு முன்னால் கைக்குக் கேட்கும்.
தண்ணீர் பட்ட இடம் மட்டும் செம்பருத்தியாய்ச் சிவக்கும்.
எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தண்ணீர் மேல் ஆசை.
கொஞ்சம் வரை குடித்துக்கொள்ளும்,
பிறகு எத்தனாலையும் இழுத்துக்கொண்டு
அடியில் போய்ப் படுக்கும்.
பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்து.

ஐப்பசிக் கடைசி. ஆறு கரையைத் தொட்ட வாரம்.
புதன்கிழமை காலை மழை பக்கவாட்டில் பெய்தது.
குடை பறந்து டீசல் பம்ப் மேல் கவிழ்ந்தது.
உள்ளே வந்து ரிஜிஸ்டரைத் திறந்து
செவ்வாய் எழுதியதைப் பார்த்து எழுதினேன்:
டேங்க் இரண்டு. தண்ணீர்: இல்லை.
ஒரு நாள்தானே.

வியாழன் விடியலில் மழை விட்டிருந்தது.
ராடை உருவினேன்.
நாலு விரல் சிவப்பு.
துடைத்து, தடவி, மறுபடி. நாலு விரல்.
மூன்றாம் முறை கை நடுங்கி
அரை விரல் கூடிற்று.

சுவிட்சை அணைத்தேன். நாசில்களைப் பூட்டினேன்.
சங்கிலி, பலகை, போன்.
நாற்பத்தெட்டு மதிப்பெண்ணின் வரிசை தப்பாமல்.
"சரக்கு இருக்கு, வெலை ஏத்தத்தான் பதுக்குறீங்க"
என்றது ஒரு ஹெல்மெட்.
லாஸ்பேட்டையிலிருந்து முதலாளி:
"கொஞ்சம்தானே, மேலாப்புல ஓட்டும்மா."
மேலாப்புல உறிஞ்சுற குழாய் நம்மகிட்ட இல்லண்ணே என்றேன்.

பத்தரைக்கு ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்,
ரெட்டிச்சாவடியிலிருந்து.
சவரிராயன். கடலூர் ஜி.எச்.சில் வார்டு வேலை.
நேற்று சாயங்காலம் இங்கே இருநூறுக்குப் போட்டாராம்,
வழியில் நின்றுவிட்டதாம்.
"நைட் டூட்டி போச்சும்மா" என்றார்,
கோபம்கூட இல்லாமல்.
பில் இல்லை. இருநூறு ரூபாய்க்கு யார் பில் வாங்குகிறார்கள்?
இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
அவர் டேங்கிலிருந்து பாட்டிலில் பிடித்து
வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன்.
மேலே பெட்ரோல். கீழே ஒரு விரல் கலங்கல்.
"இதுதானா" என்று
எக்ஸ்ரேயைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அடித்தல் திருத்தல் கூடாது என்பது விதி.
புதன்கிழமை வரியை அப்படியே விட்டு
ஓரத்தில் எழுதினேன்:
அன்று ராட் இறக்கவில்லை.
கீழே முழுப் பெயர், மூன்று சுழியோடு.

தண்ணீர் உறிஞ்சும் லாரி மூன்று மணிக்கு மேல்தானாம்.
சவரிராயன் மணல் வாளிகளுக்குப் பக்கத்தில்
பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டார்.
அந்தப் பக்கம் புகைக்கக் கூடாது என்று
ஒருவனை விரட்டப் போனேன்.
நீட்டிய விரலில், நகத்தடியில்,
சோப்புக்குப் போகாத சிவப்பு.